தாய் நின்றாலும் பிள்ளை ஓடும்: யுனிக்ஸ் வரலாற்றில் இருந்து ஒரு பக்கம்

கொன்ட்ரோல் விசையையும் சி எழுத்தையும் சேர்த்து அமத்தினால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் நிற்கும். கணினியில் கட்டளை எழுதிப் பழகுகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிக்குடுக்கிற விசயம் இது. ஆனால் நின்றது எது என்று ஒருக்கா வடிவாகப் பார்த்தால் கதை வேறு. அந்தப் புரோகிராம் தன் வேலைக்காக இன்னும் நாலு புரோகிராம்களைத் தொடக்கிவிட்டிருந்தால், சில வேளை அந்த நாலும் சேர்ந்து நிற்கும். சில வேளை தொடக்கிவிட்டது மட்டும் நிற்க, மற்ற நாலும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். எப்ப நிற்கும், எப்ப நிற்காது என்பதைச் சும்மா பார்த்துச் சொல்ல ஏலாது.

கனபேர் இதை ஏதோ ஒரு வழு எண்டு நினைக்கினம். ஐம்பது வருசமாக ஒருவரும் திருத்தாமல் விட்ட வழுவாக அது இருக்க ஏலாது. 1970களில் ஒரு சிலர், மிகச் சிறிய கணினி ஒன்றில், மிகச் சிக்கனமாகச் செய்த சில தெரிவுகள் இன்றைக்கும் எங்கட மடிக்கணினிக்குள்ளும் பெரிய நிறுவனங்களின் சேவையகங்களுக்குள்ளும் அப்படியே இருக்கு. அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் எது நிற்கும், எது நிற்காது என்பது விளங்கும். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கு: பிள்ளை நிற்க வேணுமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது ஆர்? 2016 இல் இது ஒரு பெரிய சண்டையாகவே வெடித்தது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் சொற்கள். இயங்கிக்கொண்டிருக்கிற ஒரு புரோகிராமைத்தான் புரொசஸ் என்கிறோம். ஒரு புரொசஸ் இன்னொன்றைத் தொடக்கினால் முதலாவது தாய், இரண்டாவது பிள்ளை. தாய் முடிந்து பிள்ளை மிஞ்சினால் அது அநாதை. பிள்ளை முடிந்தும், அதன் முடிவைத் தாய் கேட்டு எடுக்காமல் விட்டால் அது ஸொம்பி. நிற்பாட்டுகிற கட்டளையின் பெயர் ‘கில்’. நாங்கள் எழுதுகிற கட்டளைகளை வாங்கி நடத்துகிற புரோகிராமின் பெயர் ஷெல். எங்கட ஊரில் இந்தச் சொற்களை எல்லாம் ஒரே பந்தியில் வாசிக்க ஒரு மாதிரித்தான் இருக்கும். நியூ ஜேர்சியில் அவற்றைத் தேர்ந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் தோன்றியிருக்காது. தாய், பிள்ளை என்ற உவமை இன்னொரு வகையிலும் எங்களை ஏமாற்றும். தாய்க்கு ஏதும் நடந்தால் பிள்ளையின் பாடு என்ன என்பதை யாரோ யோசித்து வைத்திருப்பினம் என்று அந்தச் சொல்லே நம்ப வைக்கிறது. யுனிக்ஸ் அந்த உறவுக்குக் கொடுத்த பொருளோ மிகச் சிறியது. பிள்ளை முடிந்தால் தாய்க்குத் தெரியவரும். அவ்வளவுதான். தாய் முடிந்தால் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லப்படுவதில்லை.

27 வரிகள்

1969 இல், பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் பி.டி.பி-7 என்ற சின்னக் கணினி ஒன்றில் யுனிக்ஸைக் கட்டத் தொடங்கினார்கள். அந்த நாள்களைப் பற்றி ரிச்சி 1979 இல் சிட்னியில் வாசித்த ஒரு கட்டுரை இருக்கு. மென்பொருள் வரலாற்றில் அதைப்போல நேர்மையாக, அலட்டல் இல்லாமல் எழுதப்பட்டவை குறைவு. தொடக்கத்தில் அந்த முறைமையில் சரியாக இரண்டே இரண்டு புரொசஸ்கள்தான் இருந்தன என்கிறார். கணினியில் பொருத்தியிருந்த இரண்டு டேர்மினல்களுக்கும் ஒவ்வொன்று. ஷெல் ஒரு கட்டளையை வாசித்ததும் தான் இருந்த இடத்திலேயே அந்தப் புரோகிராமை ஏற்றிவிட்டுத் தான் மறைந்துபோகும். அது முடிந்ததும் ஷெல்லின் புதுப் பிரதி ஒன்று திரும்ப ஏற்றப்படும். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரே கதிரையில் ஒருவர் எழும்ப மற்றவர் இருந்த மாதிரி.

பிறகுதான் ‘ஃபோர்க்’ வந்தது. ஒரு புரொசஸ் தன்னைத்தானே பிரதி எடுத்து இரண்டாகிற முறை அது. யோசனை அவர்களுடையது அல்ல. மெல்வின் கொன்வே 1963 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அந்தச் சொல்லும் கருத்தும் இருக்கு. கலிபோர்னியாவில் பேர்க்லிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நேரப்பகிர்வு முறைமையிலும் அது இருந்தது. தொம்சன் பேர்க்லியில் படித்தவர். பி.டி.பி-7 இல் ஃபோர்க்கைச் சேர்க்கச் சரியாக 27 வரி அசெம்பிளி போதுமாக இருந்ததாம். இரண்டொரு நாளில் வேலை முடிந்துவிட்டது. சந்தோசம் அடங்க முதலே, கோப்புறை மாற்றுகிற கட்டளை வேலைசெய்யாமல் போனதைக் கண்டார்கள். ஏனென்றால் இப்போது அந்தக் கட்டளை பிள்ளைக்குள் ஓடியது. பிள்ளை கோப்புறையை மாற்றிவிட்டுச் செத்துப்போனது. தாயான ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைக்கு நடப்பது தாயைத் தொடாது என்ற பாடம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. இதன் மறுதலை, அதாவது தாய்க்கு நடப்பதும் பிள்ளையைத் தொடாது என்பது, அப்போது ஒருவருக்கும் பெரிய விசயமாகப் படவில்லை.

பிள்ளை முடியும்வரை தாய் காத்திருக்க வேணும் என்பதற்குக்கூட முதலில் தனி ஏற்பாடு இல்லை. புரொசஸ்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புகிற வசதி ஒன்று இருந்தது. ஷெல் தன் பிள்ளைக்கு ஒரு தகவலை அனுப்பிவிட்டு அப்படியே நிற்கும். பிள்ளை அதை வாசிப்பதே இல்லை. பிள்ளை முடிந்ததும் ‘அப்படி ஒரு ஆள் இல்லை’ என்ற பதில் ஷெல்லுக்கு வரும். அதைக் கண்டு பிள்ளை முடிந்துவிட்டது என்று ஷெல் விளங்கிக்கொள்ளும். வாசிக்கப்படாத கடிதம் திரும்பி வந்தால் ஆள் இல்லை என்று அறிகிற முறை! இந்த வழியில் பின்னணி வேலைகள் செலவே இல்லாமல் கிடைத்தன. கட்டளையின் கடைசியில் ‘அன்ட்’ அடையாளத்தைப் போட்டால் ஷெல் காத்திருக்காமல் அடுத்த கட்டளைக்குப் போகும். பிள்ளை தன்பாட்டில் ஓடும்.

ஒரே மேசையில் இருந்தவர்கள்

சரி, அப்படியென்றால் குறுக்கீட்டு விசையை அமத்தினால் சில வேளை எல்லாம் சேர்ந்து நிற்கிறதே, அது எப்படி?

1975 இல் வெளியான யுனிக்ஸின் ஆறாவது பதிப்பில் இதற்கு விடை இருக்கு. அந்தப் பதிப்பின் கேர்னலை, அதாவது முறைமையின் கருவை, சிட்னியில் கற்பித்த ஜோன் லயன்ஸ் தன் மாணவர்களுக்காக வரி வரியாக விளக்கி ஒரு நூலாக்கினார். மொத்தமே சுமார் 9,000 வரிகள். உரிமக் கட்டுப்பாடு காரணமாக அது வெளிப்படையாகப் பரவ முடியாமல், இருபது வருசம் போட்டோக்கொப்பிகளாகக் கைமாறி, 1996 இல்தான் முறையாக அச்சானது. (போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியில் படித்து வளர்ந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

அந்த வரிகளுக்குள் போய்ப் பார்த்தால், குறுக்கீட்டு விசைக்குத் தாய் ஆர், பிள்ளை ஆர் என்பது தெரியவே தெரியாது. அப்போது அது கொன்ட்ரோல்-சி அல்ல, ‘டிலீட்’ விசை. அதை அமத்தினால் கேர்னல் புரொசஸ் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இந்த டேர்மினலோடு இணைந்த எல்லாவற்றுக்கும் ‘குறுக்கீடு’ என்ற சிக்னலை அனுப்பும். தாய்க்கும் போகும், பிள்ளைக்கும் போகும், பேரப்பிள்ளைக்கும் போகும். ஒரே மேசையில் இருந்த எல்லாருக்கும் ஒரே மணி அடித்த மாதிரி. அவர்கள் சேர்ந்து எழும்பியது உறவினால் அல்ல, ஒரே மேசையில் இருந்ததால்.

இங்கேதான் பின்னணி வேலைகளுக்குச் சிக்கல் வந்தது. முன்னால் ஓடுகிறதை நிற்பாட்ட டிலீட்டை அமத்தினால் பின்னால் ஓடுகிறதும் செத்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளிமையானது. ஒரு சிக்னலைக் கண்டுகொள்ளாமல் விடு என்று ஒரு புரொசஸ் சொல்லிவைக்கலாம். அந்தச் சொல்லிவைப்பு பிள்ளைக்கும் தொற்றும், பிள்ளை வேறொரு புரோகிராமாக மாறினாலும் போகாது. ஷெல் தன்னைக் காப்பாற்றத் தொடக்கத்திலேயே குறுக்கீட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். முன்னணிப் பிள்ளைக்கு மட்டும் அதைப் பழையபடி மாற்றிக் கொடுக்கும். பின்னணிப் பிள்ளைக்கு மாற்றாமல் விட்டுவிடும். புதிதாக ஒன்றும் செய்யவில்லை, ஒன்றைச் செய்யாமல் விட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது.

இந்தச் சின்ன வேலைதான் இன்றைக்கும் கனபேரின் நித்திரையைக் கெடுக்கிறது. எங்கட குழுமத்தில் பழைய சஞ்சிகைகளை ஸ்கான் செய்து எழுத்துருவாக்குகிற நண்பர்களிடம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கு. பக்கங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ‘அன்ட்’ போட்டுப் பின்னணியில் ஓட விடும். நடுவில் கொன்ட்ரோல்-சி அமத்தினால் ஸ்கிரிப்ட் நிற்கும். மடிக்கணினியின் காற்றாடி நிற்காது. திரும்பத் தொடக்கினால் பழைய எட்டும் புது எட்டும் ஒரே கோப்பில் எழுதும். ஒரு பக்கத்தின் பாதி வரி மற்றப் பக்கத்துக்குள் போய் இருக்கும். காரணம், இப்படி ஸ்கிரிப்டுக்குள் பின்னணியில் தொடக்கப்படுகிற கட்டளைகள் குறுக்கீட்டைக் கண்டுகொள்ளாத நிலையில்தான் பிறக்க வேணும் என்று பொசிக்ஸ் தரம் எழுத்திலேயே சொல்கிறது. அந்தப் பிள்ளை இன்னொரு ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தால், ‘இல்லை, நான் குறுக்கீட்டைக் கவனிக்கிறேன்’ என்று அது தானாகச் சொல்லவும் விதி விடாது. 1970களில் டிலீட் விசைக்குப் பயந்து செய்த ஏற்பாடு சட்டமாகவே மாறிவிட்டது.

தாய் முடிந்த பிறகு மிஞ்சுகிற பிள்ளைக்கு என்ன நடக்கும்? அதையும் லயன்ஸின் நூலில் பார்க்கலாம். புரொசஸ் ஒன்று முடிகிற இடத்தில், பட்டியலில் அதன் பிள்ளைகளைத் தேடி, ‘தாயின் எண்’ என்ற இடத்தில் 1 என்று மாற்றி எழுதப்படுகிறது. 1 என்பது முறைமை தொடங்கும்போது முதலில் எழும்புகிற புரொசஸ். அநாதைகள் எல்லாம் அதனிடம் போகும். வளர்க்க அல்ல, அவை முடியும்போது முடிவைக் கேட்டு எடுத்து, ஸொம்பியாகாமல் பார்க்க மட்டும்.

வேறு விதமாகவும் செய்திருக்கலாம்

அது தவிர்க்க முடியாத தெரிவு அல்ல என்பதைச் சொல்லத்தான் வேணும். டிஜிட்டல் நிறுவனம் வக்ஸ் கணினியோடு 1977 இல் அறிவித்த வி.எம்.எஸ் இல் நேர் எதிர் விதி. அங்கே ஒரு புரொசஸ் தொடக்குகிற உபபுரொசஸ்கள், தொடக்கியது முடிந்தால் தாமும் முடிக்கப்படும். தாய்க்குப் பிறகும் வாழ வேணும் என்றால், பிறக்கும்போதே அதைத் ‘தனித்த’ புரொசஸாக உருவாக்க வேணும். யுனிக்ஸில் வாழ்வது வழமை, சாவதற்கு ஏற்பாடு செய்ய வேணும், வி.எம்.எஸ் இல் சாவது வழமை, வாழ்வதற்கு ஏற்பாடு செய்ய வேணும்.

எது சரி? வங்கிக் கணக்குகளை ஓட்டுகிற ஒருவருக்கு வி.எம்.எஸ் இன் ஒழுங்கு பிடிக்கும். இரவில் ஒரு கணக்கைத் தொடக்கிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆய்வாளருக்கு யுனிக்ஸின் சுதந்திரம் பிடிக்கும். வரலாற்றில் வென்றது யுனிக்ஸ். ஆனால் இந்த விதி நல்லது என்பதற்காக அது வெல்லவில்லை. விலையும், பல்கலைக்கழகங்களும், மூலநிரலும்தான் வெல்ல வைத்தன. விதி கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஆய்வாளருக்கும் ஒரு தொல்லை இருந்தது. அந்தக் காலத்தில் கன டேர்மினல்கள் தொலைபேசி வழியாக மோடத்தில் இணைந்தவை. தொலைபேசியை வைத்தால், அல்லது லைன் அறுந்தால், அந்த டேர்மினலின் புரொசஸ்களுக்கு ‘ஹங்-அப்’ என்ற சிக்னல் போகும். வழமையாக அது கொல்லும். அதைக் கண்டுகொள்ளாமல் விட வைக்கத்தான் ‘நோ-ஹப்’ என்ற கட்டளை வந்தது. இன்றைக்கு டேர்மினல் என்பது திரையில் ஒரு சாளரம்தான், தொலைபேசி எங்கேயும் இல்லை. ஆனாலும் சாளரத்தை மூடினால் அதே சிக்னல்தான் போகிறது.

ஒஸ்திரியாவில் இருந்து வந்த குழு

அடுத்த பெரிய மாற்றம் வந்தது எதிர்பாராத ஒரு இடத்தில் இருந்து. ஒஸ்திரியாவில் லக்சன்பேர்க் என்ற ஊரில், கிழக்கு மேற்கு நாடுகளின் விஞ்ஞானிகள் பனிப்போர் காலத்திலும் சேர்ந்து வேலைசெய்த பிரயோக முறைமைப் பகுப்பாய்வு நிறுவகம் இருக்கு. அங்கே இருந்த ஜிம் கல்ப் என்பவர்தான், ஓடுகிற வேலையை இடையில் நிறுத்திவைத்து, பின்னுக்குத் தள்ளி, பிறகு முன்னுக்கு எடுக்கிற வசதியை முதலில் எழுதினார். பேர்க்லியில் பில் ஜோய் உருவாக்கிய சி-ஷெல்லில் அது இடம்பிடித்து, 1980 இல் நான்காவது பி.எஸ்.டி வெளியீட்டோடு பரவியது. அந்த ஷெல்லின் கையேட்டில் கல்ப்பின் பெயரும் ஊரும் ஒரு வரியில் இருக்கு.

இதன் உள்ளே இருந்தது புரொசஸ் குழு. நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு கட்டளை வரியையும் ஷெல் தனிக் குழுவாக்கும். டேர்மினலுக்கு எப்போதும் ஒரு குழுதான் முன்னணிக் குழு. குறுக்கீட்டு விசை முழு மேசைக்கும் மணி அடிக்காமல் முன்னணிக் குழுவுக்கு மட்டும் அடிக்கும். ‘கில்’ கட்டளைக்கு ஒரு எண்ணைக் கழித்தல் குறியோடு கொடுத்தால் அந்தக் குழு முழுவதற்கும் போகும். முதல் தடவையாக, ‘இவை எல்லாம் சேர்ந்து ஒரு வேலை’ என்று கேர்னலிடம் சொல்ல ஒரு வழி வந்தது.

எங்கள் பார்வையில் இந்த முழு வரலாற்றிலும் முக்கியமான திருப்பம் இதுதான். ஆர் ஆரைப் பெற்றது என்பதை விட்டுவிட்டு, ஆர் ஆரோடு சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் குழு ஒரு பலவீனத்தோடு வந்தது: அதில் இருந்து வெளியேற ஆருடைய அனுமதியும் தேவையில்லை. எந்தப் பிள்ளையும் தனக்கு ஒரு புதுக் குழுவைத் தொடக்கிக்கொண்டு போகலாம். 1988 இல் வந்த பொசிக்ஸ் தரம் குழுக்களுக்கு மேலே ‘செஷன்’ என்ற ஒன்றையும் வைத்தது. அதில் இருந்தும் இப்படியே வெளியேறலாம். இது தவறி நடந்ததல்ல. பின்னணியில் நிரந்தரமாக ஓட வேண்டிய சேவைகள் எல்லாம் இப்படித்தான் தங்களை விடுவித்துக்கொண்டன: ஃபோர்க் செய்து, புதுச் செஷன் தொடக்கி, திரும்பவும் ஃபோர்க் செய்து, நடுவில் இருந்த தாய் செத்துப்போக, பேரப்பிள்ளை 1 இடம் போய்ச் சேரும். அநாதையாவதையே ஒரு நுட்பமாகக் கற்பித்த முறைமை வேறு இருக்குமோ தெரியாது.

நல்ல தாயும் போதாது

புரோகிராம் எழுதுகிறவர் கவனமான ஆள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கீடு வந்தால் தாய் அதைப் பிடித்து, பிள்ளைகளுக்குச் சிக்னல் அனுப்பி, அவை முடியும்வரை காத்திருந்து, கடைசியாகத் தானும் அதே சிக்னலாலேயே முடிய வேணும். கடைசிப் படியைக் கனபேர் விட்டுவிடுவினம். தாய் சும்மா ‘முடிந்தது’ என்று வெளியேறினால், அதற்கு மேலே இருக்கிற ஷெல் ஸ்கிரிப்டுக்கு அது குறுக்கீட்டால் நின்றது என்று தெரியாது. அது அடுத்த வரிக்குப் போய்விடும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு சிக்னலைப் பிடிக்க ஏலாது. ஒன்பதாம் இலக்கச் சிக்னல், கையாளவே முடியாதது. நினைவகம் போதாமல் கேர்னல் தானே ஒரு புரொசஸைக் கொல்லும்போதும் அதுதான் வருகிறது. தாய்க்குக் கடைசி வார்த்தை சொல்ல நேரமே கிடையாது. ஆகவே தாயின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கிற எந்த வழியும் முழுமையாகாது.

லினக்ஸ் 1990களின் பிற்பகுதியில் இதைப் பிள்ளையின் பக்கம் திருப்பியது. ‘என் தாய் முடிந்தால் எனக்கு இந்தச் சிக்னலை அனுப்பு’ என்று பிள்ளை கேர்னலிடம் கேட்டு வைக்கலாம். நல்ல யோசனை, ஆனால் ஓட்டைகள் உண்டு. பிள்ளை கேட்க முதலே தாய் முடிந்திருந்தால் சிக்னல் வராது. பேரப்பிள்ளைக்கு அந்தக் கோரிக்கை தொற்றாது. லினக்ஸுக்கு வெளியே எல்லா முறைமைகளிலும் அதை எதிர்பார்க்கவும் ஏலாது.

அதைவிடப் பழைய வழி ஒன்று எங்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். தாய் ஒரு பைப்பைத் திறந்து எழுதுகிற முனையைத் தான் வைத்துக்கொண்டு, வாசிக்கிற முனையைப் பிள்ளையிடம் கொடுக்கும். தாய் ஒருநாளும் அதில் ஒன்றும் எழுதுவதில்லை. தாய் எப்படிச் செத்தாலும், ஒன்பதாம் சிக்னலால் செத்தாலும், கேர்னல் அதன் கையில் இருந்த எல்லாவற்றையும் மூடும். அந்தக் கணமே பிள்ளையின் முனையில் ‘முடிந்தது’ என்று வரும். எழுதும் முனையைப் பிள்ளைகள் தவறிப்போய்த் தாங்களும் வைத்திருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பி.டி.பி-7 காலத்தில் வாசிக்கப்படாத கடிதத்தால் பிள்ளையின் முடிவைத் தாய் அறிந்தது. இங்கே எழுதப்படாத கடிதத்தால் தாயின் முடிவைப் பிள்ளை அறிகிறது.

வின்டோஸ் வேறு பாதையில் போனது. அங்கேயும் தாய் முடிந்தால் பிள்ளை முடியாது. கொன்சோலில் கொன்ட்ரோல்-சி அமத்தினால் வழமையாக அந்தக் கொன்சோலில் இணைந்த எல்லாவற்றுக்கும் போகும், ஆறாவது பதிப்பு யுனிக்ஸ் மாதிரியே. ஆனால் வின்டோஸ் 2000 இல் ‘ஜொப்’ என்ற ஒன்று வந்தது. புரொசஸ்களை ஒரு ஜொப்புக்குள் போடலாம், அவற்றின் பிள்ளைகளும் தாமாகவே அதற்குள் பிறக்கும். ஜொப்பைப் பிடித்திருக்கிற கடைசிக் கைபிடி மூடப்பட்டால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கொல் என்று சொல்லிவைக்கவும் ஒரு வழி உண்டு. பைப்பின் அதே தர்க்கம்தான், ஆனால் பிள்ளையின் ஒத்துழைப்புத் தேவையில்லை. யுனிக்ஸ் பக்கத்தில் நின்று வின்டோஸைச் சிரிக்கிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. இந்த விசயத்தில் அவை முந்திவிட்டினம்.

ஆருடைய கணினி?

லினக்ஸுக்கு அதைப் போன்ற ஒன்று கணக்குப் பார்க்கிற தேவையில் இருந்து வந்தது. கூகிளில் போல் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006 இல் தொடங்கிய வேலை அது. எந்த வேலைத்தொகுதி எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் தின்கிறது என்று அளந்து கட்டுப்படுத்தப் புரொசஸ்களை ஒரு கட்டாகக் கட்ட வேணும். சி-குறூப் என்ற பெயரில் அது 2008 ஜனவரியில் வந்த 2.6.24 லினக்ஸ் வெளியீட்டில் சேர்ந்தது. பிள்ளை தாயின் சி-குறூப்பிலேயே பிறக்கும். எத்தனை தடவை ஃபோர்க் செய்தாலும், செஷனை மாற்றினாலும், அனுமதி இல்லாமல் அதில் இருந்து வெளியேற ஏலாது. 2010 இல் வந்த சிஸ்டம்-டி சேவைகளைப் பின்தொடர இதைத்தான் பிடித்துக்கொண்டது. இரண்டு தரம் ஃபோர்க் செய்து தப்புகிற பழைய வித்தை அன்றோடு செல்லாக்காசு.

அதே 2.6.24 இல் இன்னொன்றும் வந்தது: புரொசஸ் எண்களுக்கான தனி உலகம். அதற்குள் முதலில் பிறக்கிறதுக்கு எண் 1. அந்த 1 முடிந்தால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கேர்னல் ஒரேயடியாகக் கொல்லும். 2013 இல் வந்த டொக்கர் இந்த இரண்டையும் பாவித்துத்தான் கொள்கலன்களைக் கட்டியது. அதோடு பழைய தலையிடியும் புது உருவில் வந்தது. கொள்கலனுக்குள் நாங்கள் தொடக்குகிற சாதாரணப் புரோகிராமே எண் 1 ஆகிவிடும். அநாதைகளைப் பொறுப்பெடுக்க அதற்குத் தெரியாது, ஸொம்பிகள் சேரும். எண் 1 தானாகக் கையாளாத சிக்னல்களைக் கேர்னல் அதற்குக் கொடுக்காது என்பதால் ‘நில்’ என்றாலும் நிற்காது. டொக்கர் பத்து விநாடி பார்த்துவிட்டு ஒன்பதாம் சிக்னலை அனுப்பும். கொள்கலன் நிற்க ஏன் எப்பவும் பத்து விநாடி எடுக்குது எண்டு கேட்கிறவைக்கு விடை இதுதான். 2017 இன் 1.13 பதிப்பில், எண் 1 ஆக இருப்பதையே தொழிலாகக் கொண்ட மிகச் சின்னப் புரோகிராம் ஒன்றை முன்னால் வைக்கிற தெரிவை டொக்கர் சேர்த்தது.

இனி 2016. அந்த மே மாதம் வெளியான சிஸ்டம்-டி 230 ஆவது பதிப்பு ஒரு இயல்புநிலையை மாற்றியது. பயனர் வெளியேறினால் அவர் தொடக்கிய எல்லாப் புரொசஸ்களும் கொல்லப்படும். நோ-ஹப் போட்டிருந்தாலும், புதுச் செஷனுக்குப் போயிருந்தாலும் தப்ப ஏலாது. காரணம் நியாயமானது. திரைமுகப்பில் வேலைசெய்துவிட்டு வெளியேறுகிறவர்களின் பின்னால் ஏதோ ஏதோ புரோகிராம்கள் மிஞ்சி ஓடிக்கொண்டிருந்தன. பொதுக் கணினி ஒன்றில் அது பாதுகாப்புப் பிரச்சினையும்தான். ஆனால் ‘ஸ்கிறீன்’, ‘ரி-மக்ஸ்’ போன்றவற்றை நம்பி வாழ்கிற ஆக்களுக்கு இடி விழுந்தது. ஸ்கிறீன் 1987 இல் பேர்லினில் பிறந்தது. அதன் வேலையே நாங்கள் போன பிறகும் எங்கட வேலையை உயிரோடு வைத்திருப்பது. ‘தப்பி வாழ விரும்பினால் சிஸ்டம்-டியிடம் சொல்லுங்கோ, அதற்கு வழி இருக்கு’ என்றார்கள் அந்தப் பக்கம். ‘தப்பி வாழ விரும்புறன் எண்டு சொல்ல முப்பது வருசமாக ஒரு முறை இருக்கு, எல்லாரும் அதைத்தான் பாவிக்கினம், ஏன் இன்னொண்டு?’ என்றார்கள் இந்தப் பக்கம். டெபியன் தன் வெளியீட்டில் அந்த இயல்புநிலையைத் திரும்ப நிற்பாட்டி வைத்தது.

நாங்கள் இந்தச் சண்டையில் பயனர் பக்கம்தான். நுட்பத்தில் சிஸ்டம்-டி சரி. கட்டாகக் கட்டினால்தான் கட்டாக நிற்பாட்ட முடியும். ஆனால் பல்கலைக்கழக சேவையகம் ஒன்றில் மூன்று நாள் ஓட வேண்டிய கணக்கைத் தொடக்கிவிட்டு விடுதிக்குப் போகிற மாணவி, முறைமையை மேம்படுத்திய அடுத்த நாள் வந்து பார்க்க ஒன்றும் இல்லை என்றால், அவளுடைய மூன்று நாளை ஆர் திருப்பிக் கொடுக்கிறது? எது எப்ப சாகும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் ஆக்கள் வேலையைத் தொடக்கினம். தொடக்கிய பிறகு அதை மாற்றுகிறது வேறு விசயம். இரவெல்லாம் ஓடி நினைவகத்தைத் தின்கிற அநாதைகளோடு மல்லுக்கட்டுகிற நிர்வாகி எங்களோடு ஒத்துப்போக மாட்டார். அவருக்கும் ஞாயம் இருக்கு.

ஒரு விசயம் மிஞ்சி இருந்தது. சி-குறூப்பில் இருக்கிறவற்றைக் கொல்ல, அண்மை வரைக்கும், பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாகக் கொல்ல வேணும். வாசிக்கிறதுக்கும் கொல்லுகிறதுக்கும் இடையில் ஒன்று ஃபோர்க் செய்தால் புதுப் பிள்ளை பட்டியலில் இராது. திரும்ப வாசி, திரும்பக் கொல், பட்டியல் வெறுமையாகும்வரை. இன்னொரு ஆபத்தும் இருந்தது. புரொசஸ் எண்கள் திரும்பப் பாவிக்கப்படுகிறவை. இடையில் அந்த ஆள் முடிந்து, அதே எண் சம்பந்தமில்லாத ஒன்றுக்குப் போயிருந்தால் அது சாகும். 2021 ஓகஸ்டில் வந்த லினக்ஸ் 5.14 இல் கிறிஸ்டியன் பிறவுனர் ஒவ்வொரு சி-குறூப்புக்கும் ‘கில்’ என்ற பெயரில் ஒரு கோப்பைச் சேர்த்தார். அந்தக் கோப்பில் 1 என்று எழுதினால், அந்தக் கட்டுக்குள்ளும் அதற்குக் கீழே இருக்கிற கட்டுகளுக்குள்ளும் இருக்கிற எல்லாம், அந்த நேரம் பிறந்துகொண்டிருக்கிறதும் உட்பட, நிற்கும்.